உஷார்! பள்ளிக்கூடத்து அளவுநாடாவை அப்படியே நம்பாதீர்கள்

உங்கள் பிள்ளையின் பைக்குள் ஓர் அட்டை இருக்கும். ஹெல்த் கார்டு என்பார்கள். சில பள்ளிகளில் மதிப்பெண் அட்டையின் கடைசிப் பக்கமே அதுதான். சில பள்ளிகளில் செல்போன் ஆப்பில் வரும். உயரம், எடை, பி.எம்.ஐ., 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் என்று கட்டங்கள், கட்டத்துக்குள் எண்கள். கணக்கில் எத்தனை, அறிவியலில் எத்தனை என்று பார்த்து முடித்த கையோடு இதற்கும் ஒரு கையெழுத்தைப் போட்டுப் பையில் திணித்து அனுப்பிவிடுகிறோம்.

தயவுசெய்து இந்த முறை அப்படிப் போடாதீர்கள்.

31 வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். அந்தக் கட்டங்களை நிரப்பிய கை என்னுடையது. எப்படி நிரப்பினோம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பயமாக இருக்கிறது.

நடப்பது இதுதான். மாதக் கணக்கில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திடீரென்று ஒரு நாள், "வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாப் பிள்ளைங்க ஹைட்டு வெயிட்டும் ஏத்தணும் சார்" என்று தகவல் வரும். அறுநூறு எழுநூறு பிள்ளைகள், ஒரே ஒரு பி.டி. மாஸ்டர். எடை மெஷின் ஆபீஸ் ரூம் பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடக்கும். அதை இறக்கி, மேடுபள்ளமான வராண்டாவில் வைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வரிசையை விடுவோம். உயரத்துக்குச் சுவரில் ஆணியடித்த இன்ச் டேப். அது தரையிலிருந்து சரியாகத் தொடங்குகிறதா, ஒரு சாண் தள்ளி அடித்திருக்கிறதா, யாருக்கும் தெரியாது. ஷூவோடு ஏறுவார்கள். தூக்கிக் கட்டிய கொண்டைக்கு மேல் ஸ்கேலை வைத்து ஒருவர் எண்ணைக் கத்த, இன்னொருவர் எழுதுவார். மூன்றாவது பீரியடுக்குள் ஆறாம் வகுப்பு முடியவில்லையென்றால், ஏழாம் வகுப்புக்குப் போன வருஷ எண்ணோடு கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடுவதும் உண்டு. நானும் செய்திருக்கிறேன். அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

"மூணு சென்டிமீட்டர் தப்பானா குடியா முழுகிப்போகும்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. பத்து வயதுப் பெண் குழந்தை. உண்மையான உயரம் 140 சென்டிமீட்டர், எடை 37.5 கிலோ. எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. 19.1. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரைக்கும் 2007இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், பத்து வயதுப் பெண்ணுக்கு 19.0க்கு மேல் போனால் எடை கூடுதல். அதாவது வீட்டில் கொஞ்சம் கவனிக்க வேண்டிய குழந்தை. அதே குழந்தையை ஷூவோடும் கொண்டையோடும் நிறுத்தி 143 என்று எழுதினால் பி.எம்.ஐ. 18.3 ஆகிவிடும். அட்டையில் "நார்மல்". உயரம் கணக்கில் இரண்டு முறை பெருக்கப்படுவதால் சின்னப் பிசகும் பெரிதாகத்தான் விளையும். டேப்பை மூன்று சென்டிமீட்டர் மேலே தள்ளி அடித்திருந்தால் தலைகீழ்: நன்றாக இருக்கிற பிள்ளைக்குக் "குண்டு" என்ற முத்திரை.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. 18.5இலிருந்து 24.9 வரை நார்மல் என்று ஒரு வாய்ப்பாடு எல்லோருக்கும் மனப்பாடம். செல்போனில் தேடினால் முதலில் வருவதும் அதுதான். அது பெரியவர்களுக்கான வாய்ப்பாடு! பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வயதுக்கும், ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி எல்லைகள் உண்டு. பத்து வயதுப் பையனுக்கு 16.4 என்பது நட்டநடு அளவு. பெரியவர்கள் வாய்ப்பாட்டில் போட்டால் அவன் "எடை குறைவு". உடனே வீட்டில் என்ன நடக்கும்? காலையில் ஹார்லிக்ஸ், மாலையில் நெய் ரோஸ்ட், தட்டில் மிஞ்சினால் திட்டு. அதே வயதுப் பையனுக்கு பி.எம்.ஐ. 22 என்றால் உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அது உடல்பருமன், எல்லை 21.4தான். பெரியவர்கள் வாய்ப்பாடோ "நார்மல்" என்று பச்சைக்கொடி காட்டும். உங்கள் பிள்ளையின் அட்டையில் வயதைப் பற்றிய பேச்சே இல்லாமல் பி.எம்.ஐ.க்குப் பக்கத்தில் ஒரு டிக் இருந்தால் அதை நம்பாதீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் நம் பிள்ளைகளுக்கென்றே 2015இல் வளர்ச்சி வரைபடம் வெளியிட்டிருக்கிறது. எந்தக் குழந்தை மருத்துவரிடமும் இருக்கும். இரண்டு நிமிஷ வேலை. அதில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வயது என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது நாலைந்து மாதம் முன்னே பின்னே போட்டு எழுதும் பழக்கம் நம்மிடம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பள்ளிப் பிறந்தநாள் ஒன்று, வீட்டுப் பிறந்தநாள் ஒன்று. மருத்துவரிடம் வீட்டுப் பிறந்தநாளைச் சொல்லுங்கள்.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காக அளந்து, சரியான வரைபடத்தில் புள்ளியும் வைத்தாயிற்று. நார்மல் என்று வந்தும்விட்டது. நிம்மதியாக இருக்கலாமா? நம் பிள்ளைகள் விஷயத்தில் கூடாது.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு விஞ்ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் லண்டன்காரர் ஜான் யுட்கின். இன்னொருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் ஊர் உடம்பு வாகு இது. பிறக்கும்போதே இப்படித்தான் பிறக்கிறோம் என்பதைப் புனேயில் பிறந்த குழந்தைகளை அளந்தே யாஜ்னிக்கின் குழு காட்டியது.

மத்திய அரசும் யூனிசெஃபும் சேர்ந்து 2016-18இல் நாடு முழுக்க நடத்திய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் எடை கூடியவர்கள் 5 சதவீதம். ரத்தத்தில் சர்க்கரை ஏறி, நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் 10 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை ஏறியவர்களில் குறைந்தது பாதிப் பேர் குண்டான பிள்ளைகள் இல்லை! எடை மெஷினில் ஏற்றி "நார்மல்" என்று அனுப்பிவைத்த பிள்ளைகள் அவர்கள். அட்டையைப் பார்த்துப் பெற்றோர் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மெஷின் காட்டாத இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, கழுத்து. பிள்ளையின் பின்கழுத்தில் கறுப்பாக, வெல்வெட் துணிபோல் கொஞ்சம் தடித்து ஒரு பட்டை ஓடுகிறதா? அக்குளிலும் இருக்கிறதா? அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரைப் போட்டுத் தோல் உரியத் தேய்க்கிற அம்மாக்களை நூறு பேரையாவது பார்த்திருப்பேன். "எவ்வளவு தேச்சாலும் போகமாட்டேங்குது சார்" என்பார்கள். போகாது. அது அழுக்கில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதைத் தோல் எழுதிக் காட்டுகிறது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். என் வகுப்பு வரிசைகளில் பின்னால் நின்றுகொண்டு எத்தனையோ கழுத்துகளைப் பார்த்தவன் நான். அது என்னவென்று எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதுவரை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது என் மனசில் முள்ளாகக் கிடக்கிறது.

இரண்டாவது, இடுப்பு. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு நூல் போதும். பிள்ளையை வெறுங்காலில் நிறுத்தி உச்சியிலிருந்து தரை வரைக்கும் நூலை அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த நூல், பிள்ளை மூச்சை இயல்பாக விட்ட பிறகு, தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றைச் சுற்றி வந்து முனையோடு முனை தொட வேண்டும். தொடவில்லையென்றால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதலிலும் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அரைஞாண் கயிறு இறுக்குகிறதா, தொளதொளக்கிறதா என்று பார்த்துப் பிள்ளையின் உடம்பைக் கணித்த பாட்டிகளுக்கு இந்த நூல் கணக்கு புதிதாகத் தோன்றாது.

சென்னையில் சுமார் 19,000 பிள்ளைகளை அளந்து 2014இல் வெளியான ஆய்வில், தனியார் பள்ளிகளில் எடை கூடிய பிள்ளைகள் 21.4 சதவீதம், அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். மைதானமே இல்லாத பள்ளிக்கு லட்சம் கட்டிச் சேர்க்கிறவர்கள் இந்த எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு வேறு கவலை. அந்த இடத்துக்குத்தான் இப்போது வருகிறேன்.

இதுவரை சொன்னது தவறான எண்ணைப் பற்றி. இனிச் சொல்லப்போவது அளக்கும்போதே பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடிய இடம். மைதானம்.

கேலோ இந்தியா திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் உடல்தகுதியை அளக்கச் சில சோதனைகளை வகுத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு வரைக்கும் பி.எம்.ஐ., ஒற்றைக்காலில் நிற்பது, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றித் தட்டுவது. அதற்கு மேல் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், வயிற்றுப் பயிற்சி, தண்டால், உட்கார்ந்து கைநீட்டி எட்டுவது. நல்ல நோக்கம், குறை சொல்ல மாட்டேன். என் கவலை அந்த 600 மீட்டர் மேல்தான்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. நல்ல சுறுசுறுப்பு. கோகோவில் அவளைத் தொட முடியாது. சோதனை நாளன்று 200 மீட்டர் சுற்றில் மூன்றாவது ரவுண்டு பாதியில் நடக்க ஆரம்பித்தாள். "நடக்காதே, ஓடு ஓடு!" என்று விசில் ஊதியவன் நான்தான். ஓடினாள். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் விழுந்தாள். முகம் வெளுத்து, உதடு வெளுத்து, உள்ளங்கை காகிதம்போல். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7க்குச் சற்று மேல். அந்த வயதுக்கு 12 இருக்க வேண்டும். காலையில் சாப்பிடவும் இல்லை. வீட்டுக்கு விலக்காகி இரண்டாம் நாள் என்பதை யாரிடம் சொல்வாள்? விசில் வைத்திருந்த என்னிடமா?

அதற்குப் பிறகுதான் சோதனை விதியைத் திரும்பப் படித்தேன். அதன் பெயரே "600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை". நடக்க அனுமதி உண்டு. முடியாத பிள்ளை நடந்தே கடக்கலாம் என்று விதியே சொல்கிறது. ஆனால் நடக்கிற பிள்ளையைத் திட்டாத மைதானம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு பெண்ணின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பையன்களில் 18 சதவீதம். முப்பது பெண்களைக் கோட்டில் நிறுத்தி விசில் ஊதினால் அதில் பன்னிரண்டு பேர் ரத்தம் போதாமல் ஓடுகிறார்கள். அவர்களுக்கு வரும் மதிப்பெண் அவர்களின் முயற்சிக்கானது ஆகுமா? இரும்புச்சத்து இல்லாததற்கான மதிப்பெண் அது. "சோம்பேறி", "பயிற்சி போதாது" என்று அட்டையில் எழுதுகிறோம். எழுத வேண்டியது "ரத்தம் பார்க்கவும்" என்று.

பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் நீல மாத்திரை இதற்குத்தான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால் வகுப்புக்குப் பின்பக்கம் எறிந்துவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். உங்கள் மகளிடம் "முழுங்கினியா?" என்று கேட்டுவிடுங்கள். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்கு மேல் பல பிள்ளைகள் மதியச் சத்துணவு வரைக்கும் பட்டினி. அவர்களைத்தான் காலை பத்து மணி வெயிலில் ஓட விடுகிறோம். சோதனை நாளன்று எதுவும் இல்லையென்றாலும் இரண்டு இட்லி, அல்லது பழைய சோறாவது, ஓடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு உள்ளே போயிருக்க வேண்டும்.

இதயத்தைப் பற்றி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் கோட்டை விட்டால் திருத்திக்கொள்ள அடுத்த முறை கிடையாது.

காலைப் பிரேயரில் அசையாமல் நின்று மயங்கி விழும் பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் அது பயப்படும்படியானதில்லை. படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டால் எழுந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது வேறு சங்கதி. அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கொடுத்து, "வெயில்ல மயக்கம்" என்று வகுப்புக்கு அனுப்பிவிடக் கூடாது. இதய மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பார்க்கும்வரை அந்தப் பிள்ளை ஓடவே கூடாது. அதேபோல ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை. மற்றவர்கள் மூச்சு சமநிலைக்கு வந்து ரொம்ப நேரம் ஆன பிறகும் மூச்சு வாங்கும் பிள்ளை. ரத்த உறவில் ஐம்பது வயதுக்குள் திடீரென்று செத்துப்போனவர் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை. தொண்டை வலிக்குப் பின்னால் முட்டி, கணுக்கால், மணிக்கட்டு என்று மூட்டு மூட்டாக வீக்கம் மாறி மாறி வந்த பிள்ளைக்கு வாதக்காய்ச்சல் இதய வால்வைத் தொட்டிருக்கக்கூடும். நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. ஓடி முடித்து ஐந்து பத்து நிமிஷத்தில் விடாமல் இருமும் பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கலாம்.

இத்தனையையும் பி.டி. மாஸ்டர் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில்தான் தெரியும். அரை பக்கத் தாளில் இந்தக் கேள்விகளை அச்சடித்துப் பெற்றோரிடம் பதில் வாங்கிவிட்டு ஓடவிட வேண்டும். எத்தனை பள்ளிகளில் அந்தத் தாள் இருக்கிறது? உங்கள் பள்ளியில் வரவில்லையென்றால் நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. ஓட்டச் சோதனை காலை எட்டரை மணிக்குள் முடிந்தாக வேண்டும். டை, பெல்ட், கறுப்பு ஷூ, கெட்டித் துணிச் சீருடையோடு பதினோரு மணிக்கு ஓடவிட்டால் அதற்குப் பெயர் சோதனையே இல்லை.

அப்படி ஓடி வாங்கிய நேரமாவது சரியாக இருக்குமா? ஒரு ஸ்டாப்வாட்ச்; நாற்பது பிள்ளைகள் ஒரே மூச்சில் கிளம்புவார்கள். முதல் மூன்று பேர் நேரம் சரியாக வரும். மிச்சம் குத்துமதிப்பு. மைதானம் சின்னதாக இருந்தால் ஆறு சுற்று, எட்டுச் சுற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறையும். மொட்டைமாடியில் ஓடவிட்ட பள்ளியையும் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த நேரத்தைக் கொண்டுபோய் 200 மீட்டர் ஓடுதளத்தில் ஓடிய பிள்ளையோடு ஒப்பிட்டு "சுமார்" என்று போட்டால் என்ன நியாயம்? ஒரே வகுப்பில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. இருவருக்கும் ஒரே அளவுகோல் வைத்துத் தண்டால் எண்ணுகிறோம்.

அமெரிக்காவில் மருத்துவக் கழகம் ஒன்று 2012இல் இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் அலசிப் பார்த்தது. பிள்ளையின் ஆரோக்கியத்தோடு உண்மையிலேயே தொடர்புள்ளவை எவை என்பதுதான் கேள்வி. 20 மீட்டர் கோட்டுக்குக் கோடு, பீப் சத்தத்துக்கேற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே ஓடும் ஷட்டில் ஓட்டம், கைப்பிடி வலிமை, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், உடல் அமைப்புக்கு பி.எம்.ஐ.யும் இடுப்பளவும் தோல்மடிப்பும். இவற்றையே தேர்ந்தெடுத்தது. உட்கார்ந்து கால்விரலை எட்டுவதற்கும் ஆரோக்கியத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. கால் நீளம், கை குட்டை என்றால் எட்டாது, அவ்வளவுதான். அதில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையை வீட்டில் திட்டாதீர்கள். ஷட்டில் ஓட்டத்தில் ஒரு வசதி உண்டு: 20 மீட்டர் இடம் போதும், மெதுவாகத்தான் தொடங்கும், முடியாத பிள்ளை முதலிலேயே ஓரமாக வந்து உட்காரலாம். 600 மீட்டரில் கடைசிப் பிள்ளை தன்னந்தனியாக, வகுப்பே பார்த்துச் சிரிக்க, ஓடி முடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சிரிப்பு சாதாரண விஷயம் இல்லை.

சிங்கப்பூரில் 1992இல் எடை கூடிய மாணவர்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெயர் "டிரிம் அண்ட் ஃபிட்". சுருக்கமாக டி.ஏ.எஃப். அந்த மூன்று எழுத்தையும் திருப்பிப் போட்டால் எஃப்.ஏ.டி., அதாவது "குண்டு". பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போகுமா? இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போக, எடை கூடியவர்களை மட்டும் தனியே பிரித்து ஓடவிட்டார்கள். உடல்பருமன் எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் கேலிப்பெயரைச் சுமந்து வளர்ந்த ஒரு தலைமுறை இன்னும் அதைப் பற்றி வலியோடு பேசுகிறது. 2007இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஒரு சாராரைப் பிரிக்காமல் எல்லா மாணவர்களுக்குமான முறைக்கு மாறினார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் 28,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. பள்ளியில் எடை பார்த்து பி.எம்.ஐ.யை வீட்டுக்குக் கடிதமாக அனுப்பினால் பிள்ளைகளின் எடை குறைகிறதா என்று பார்த்தார்கள். குறையவில்லை. பள்ளியில் எடை பார்த்த பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் அதிருப்திதான் கூடியது. வெறும் எண்ணை அனுப்பிவிட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் இதுதான் கிடைக்கும்.

நம் வகுப்பறையில் எப்படி? "நாற்பத்தெட்டு கிலோ!" என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறோம். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அதுதான் பெயர். மறுநாள் பி.டி. பீரியடில் அவன் "வயிறு வலிக்குது சார்" என்று மரத்தடியில் உட்காருவான். யார் ஓட வேண்டுமோ அவனை நாமே மரத்தடியில் உட்காரவைத்துவிட்டோம். எடையைப் பார்க்கிறவரே எழுதவும் வேண்டும். வாய்திறந்து சொல்லவே கூடாது. பெண் பிள்ளைகளை ஆசிரியை மட்டுமே அளக்க வேண்டும், தனி அறையில், கூட ஒரு தோழியோடு. இடுப்பளவை ஆண் ஆசிரியர் எடுப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. இதை நான் சங்கடத்தோடு சொல்லவில்லை, கட்டாயம் என்று சொல்கிறேன்.

கண் பரிசோதனையில் நடக்கும் கூத்து பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஆறு மீட்டர் தள்ளி எழுத்து அட்டை. பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். முன்னால் நிற்கிறவன் படிப்பது பின்னால் நிற்கிறவன் காதில் விழும். பத்தாவது பிள்ளை வருவதற்குள் கடைசி வரி வரை மனப்பாடம். கண் தெரியாத பிள்ளை கண் தெரிகிறது என்ற அட்டையோடு வீடு திரும்பும். ரத்த அழுத்தத்திலும் இப்படித்தான். பெரியவர்கள் கைக்கான பட்டையைச் சின்னக் கையில் சுற்றினால் குறைவாகக் காட்டும். பருமனான பிள்ளைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அதிகமாகக் காட்டும்.

இப்போது தனியார் கம்பெனிகள் வேறு பள்ளிகளுக்குள் வருகின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு, வண்ண வண்ணமாகப் பத்துப் பக்க அறிக்கை தருகிறார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் புரதப் பொடிக்கோ பயிற்சி வகுப்புக்கோ விளம்பரம் இருந்தால் சுதாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் உடம்பு விவரம் எங்கே போகிறது, யார் கையில் இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் தடை.

அளப்பதையே நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அளக்காமல் விட்டால் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் ரத்தத்தை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, அதே ஆள், அதே மெஷின், அதே காலை நேரம், வெறுங்கால், அவிழ்த்த கொண்டை. ஒவ்வொரு பிள்ளையையும் அதன் போன முறை எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும். ஆறு மாதத்தில் உயரம் நகரவே இல்லையென்றால் மருத்துவரைப் பார்க்க அந்த ஒரு காரணமே போதும். இதற்கு ஒரு ஆசிரியர் போதாது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். அளக்கிற நாளில் இரண்டு அம்மாக்கள் வந்து உதவட்டும். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை பி.டி. பீரியட் உண்மையில் கிரவுண்டில் நடக்கிறது, எத்தனை கணக்கு வாத்தியாருக்குப் போகிறது? உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 60 நிமிஷம் ஓடியாடச் சொல்கிறது. உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை. வருஷம் முழுக்க ஓடவிடாமல் வைத்திருந்துவிட்டு, ஒரு நாள் மட்டும் கோட்டில் நிறுத்தி விசில் ஊதுகிறோம்.

நூலை இன்று ராத்திரியே எடுத்து அளந்துவிடுங்கள். தலை வாரும்போது பின்கழுத்தைப் பாருங்கள். கீழ்க்கண் இமையை இழுத்து உள்பக்கம் சிவப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். நாளைக் காலை அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போது, பேனாவை எடுப்பதற்கு முன்னால் பிள்ளையிடமே கேளுங்கள்: "ஹைட் எடுக்கிறப்போ ஷூவைக் கழட்டச் சொன்னாங்களா, கண்ணு?"